மூன்றாவது துளி

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு அறையில், ஜன்னலோர வரிசையின் நான்காவது நாற்காலிக்கு அடியில் இருக்கும் ஈரம் முப்பத்தேழு வருடமாகக் காயவில்லை. சோற்றுக் கிண்ணத்து மூடி அளவுதான் இருக்கும். பெருகியதும் இல்லை, சுருங்கியதும் இல்லை, வாடையும் கிடையாது. தளத்தை இரண்டு தடவை பெயர்த்துப் பார்த்தார்கள். அடியில் மண் பொருபொருவென்று உலர்ந்து கிடந்தது. சிமெண்டை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். மறுநாள் காலையில் டைல்ஸ் மேல் இருந்தது. மழை பொய்த்து, ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த வருடத்திலும் அது அதே அளவில்தான் இருந்தது.

ஆரம்பித்தது 1986 டிசம்பரில். வகுப்பாசிரியை வெங் பிஹுவா அந்த வருடம்தான் தைச்சுங் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். இருபத்தெட்டு வயது. பிள்ளைகள் மேல் கை வைக்கவே மாட்டார். மற்ற வகுப்புகளில் பிரம்பு பேசிய காலம் என்பதால் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவர் எடுத்துக்கொண்டது இடைவேளையை மட்டும். தப்பாக எழுதியதைத் திருத்தி முடிக்கும் வரை மணி அடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது. பத்து நிமிட இடைவேளையும் போச்சு, இரண்டாம் பாடம் முடிந்து வரும் இருபது நிமிடமும் போச்சு. பக்கத்து வகுப்பில் அடி வாங்கியவன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே ஓடிப்போய்ப் பந்து விளையாடுவான். எங்கள் வகுப்பில் மாட்டியவன் அந்தப் பந்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எது பெரிய அடி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் டூ என்ற குடும்பப் பெயர் இரண்டு உண்டு. காதுக்கு ஒன்றுதான். சீன எழுத்தில் எழுதும்போது ஒன்றுக்கு இடப்பக்கம் மூன்று துளி, மற்றதற்கு இரண்டு துளி. மூன்று துளி என்றால் தண்ணீர். மூன்று துளிக்காரர்கள் கோயில் தெருவில் இருந்தார்கள், இரண்டு துளிக்காரர்கள் சிப்பி ஓடு குவிந்து கிடக்கும் கடற்கரைத் தெருவில். முன்னோர் வேறு, கும்பிடும் இடம் வேறு. இது உள்ளூரில் கைக்குழந்தைக்கும் தெரியும், வெங் டீச்சருக்குத் தெரியாது. சிப்பி வளர்க்கும் டூ தியன்லாயின் மகள் சியூயின் நோட்டு அட்டையில் தன் பெயரை இரண்டு துளியோடு எழுதியிருந்ததைப் பார்த்துச் சிவப்பு மையில் சுழித்தார். மூன்று துளி வைத்து முப்பது தடவை எழுதச் சொன்னார். ஒன்பது வயதுப் பெண் முப்பது தடவை எழுதினாள், முப்பதிலும் இரண்டு துளி.

"மூணு வெச்சா அது வேற வீடு டீச்சர்," என்றாள்.

திமிர் என்று டீச்சர் நினைத்துவிட்டார். ஒன்பது நாள் அவளுக்கு இடைவேளை இல்லை. பெற்றோர் தினமும் கையெழுத்துப் போட்டு அனுப்பும் குறிப்பேட்டில் தியன்லாயின் கையெழுத்து இரண்டு துளியோடுதான் இருந்தது. டீச்சர் அதையும் பார்த்தார். அப்பனுக்கே எழுத வரவில்லை என்று முடிவு கட்டினார். தியன்லாய் ஒருநாள் ஒரு பை சிப்பியோடு பள்ளிக்கு வந்தார். பெயரைப் பற்றிப் பேசத்தான் வந்தார். டீச்சரின் சுத்தமான மாண்டரின் சீனத்தைக் கேட்டதும், ஊர்ப் பேச்சு மட்டுமே பழகிய அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளை மக்கு, நன்றாகக் கண்டியுங்கள் என்று சொல்லி, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். மகள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் மீதி நாற்பத்தொரு பேரும் வாய் திறக்கவில்லை. பயமெல்லாம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கள் இடைவேளை போய்விடும், அவ்வளவுதான். எழுதவே கூசுகிறது.

பத்தாம் நாள், இருபது நிமிட இடைவேளையில், சியூயின் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்டாள்.

"ஒரே ஒரு துளிதாம்மா. வெச்சுட்டு ஓடு," என்றார் டீச்சர், கனிவாகத்தான்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நாற்காலி சொட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், மூணாவது துளி வந்துடுச்சு" என்று ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது. அதைச் சொன்னது நான்தான்.

அடுத்த நாளே தியன்லாய் மகளைக் காவ்சியுங் நகரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று முதல் அந்த ஈரத்தைத் துடைத்தார்கள், சாம்பல் போட்டார்கள், மின்விசிறி வைத்தார்கள். வெங் டீச்சர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்கவில்லை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் விரட்டி வெளியே அனுப்பிவிட்டு, தான் மட்டும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவார். ஓய்வு பெற்ற பிறகும் இரண்டாம் பாட மணிக்குத் துடைப்பானோடு வந்துவிடுவார். நான் படித்து முடித்து அதே பள்ளியில் அலுவலக எழுத்தரானேன். குழாய்க் கசிவு என்று வருடா வருடம் குடிநீர் அலுவலகத்துக்கு மனு எழுதுவது என் வேலை.

போன வருடம்தான் ஆள் அனுப்பினார்கள். ஒரு பெண் பொறியாளர் வந்து இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, காதை வைத்துக் கேட்டார். சட்டையில் குத்தியிருந்த பெயரில் இரண்டு துளி. வெங் டீச்சரின் கையிலிருந்து துடைப்பான் விழுந்தது.

"ரெண்டு துளிதான். தப்பு என்னோடது," என்றார்.

"எப்பத் தெரிஞ்சுது டீச்சர்?"

"மறுநாளே. உன் மாறுதல் தாள்ல பாத்தேன்."

"மறுநாளே கிளாஸ்ல சொல்லியிருக்கலாமே."

டீச்சர் குனிந்து துடைப்பானை எடுத்தார். சியூயின் நான்காவது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். குழாய்க் கசிவு: இல்லை. காரணம்: மாணவியை வெளியே விடவில்லை. செய்ய வேண்டியது: மணி அடித்தால் விடவும். கீழே பெயரை எழுதி, என் பக்கம் திருப்பினாள்.

"சாட்சிங்கற எடத்துல நீ போடு. நீதான் பாத்தியே."

போட்டேன். என் பெயரை எழுத எனக்கு அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. இரண்டு வாரத்தில் அறிக்கை, ஏற்கப்பட்டது என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. மனு எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஈரம் அப்படியே இருக்கிறது. கூட்ட வருகிறவள் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போகிறாள்.