ஓணானைப் பார்த்துக்கொண்டவர்கள்

2014ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து, கண்டி மஹியாவையில் தவமலர் தன் வீட்டு முன்வாசலால் வெளியே கால் வைத்தால் பின்வாசலால் குசினிக்குள் வந்து நின்றாள். பின்வாசலால் போனால் ஹாலுக்குள் வந்தாள். ஜன்னலால் ஒருமுறை குதித்துப் பார்த்தாள். குளியலறைக்குள் விழுந்து முழங்கால் சிராய்த்தது. மற்றவர்களுக்கு அது எல்லா வீடுகளையும் போல ஒரு வீடுதான். வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள்.

அவளுடைய கணவன் முத்துலிங்கம் ஹோட்டல் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அங்கிருந்த வெளிநாட்டு மனேஜர் ஊர் திரும்பும்போது, தான் வளர்த்த தாடி ஓணானை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கை நீளம், மணல் நிறம். கோபம் வந்தால் கழுத்தடி கறுத்துத் தாடிபோல விரியும். கீரை தின்னும், ஆனால் உயிரோடு ஓடும் கரப்பானைக் கண்டால்தான் அதற்குக் கண் திறக்கும். வீட்டுக் கரப்பானில் பூச்சி மருந்து இருக்கும் என்று முத்துலிங்கம் கொழும்பிலிருந்து வேறு சாதி வாங்கிவந்தான். அவை பறக்காது, வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது, முட்டை வெளியே இடாமல் குஞ்சாகவே போடும். பின்னறையில் பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக வைத்து, உள்ளே முட்டை அட்டைகளை நிறுத்தி, மூடியில் வலை ஒட்டி, கண்டிக் குளிருக்குப் பல்ப் சூடு கொடுத்தான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் ஓணானுக்குப் பிறந்தநாள்கூடக் கொண்டாடினான்.

கட்டாருக்கு வேலை கிடைத்துப் புறப்பட்ட காலையில், விமான நிலையத்துக்குப் போகும் வான் வாசலில் நிற்க, அவன் ஓணானின் கண்ணாடிக் கூட்டருகே குந்திக்கொண்டு எழும்பவில்லை.

"நான் வர்ற வரைக்கும் இதை விட்டுட்டு வாசல் தாண்ட மாட்டேன்னு சொல்லு மலர்."

அவள் வழிச்சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "சரி, தாண்டல. பிளேன் போயிடும், கெளம்புங்க" என்றாள்.

மறுநாள் கீரை வாங்கப் போனபோது குசினிக்குள் வந்து நின்றாள். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் முனையில் மரக்கறி விற்கும் மக்கீன் நானாவும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை இழுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கையில் அவளுடைய வளையல் மட்டும் மிஞ்சியது. அவள் உள்ளே அடுப்பருகே நின்றாள். பூசாரி வந்து எலுமிச்சம்பழம் கட்டினார். எலுமிச்சம்பழம் காய்ந்தது. பிறகு மக்கீன் நானா கரட்டும் கீரையும் கொண்டுவந்து ஜன்னலால் நீட்டத் தொடங்கினார். "ஒங்களுக்கு வெளிய வரத்தான் ஏலாது தங்கச்சி, நாங்க வந்து போறதுக்கு என்ன?" என்றார். ஒழுங்கைக்கு அது பழகிவிட்டது.

தவமலருக்குப் பழகவில்லை. முதல் இரண்டு வருடம் அவள் தினமும் வாசலைத் தாண்டினாள். குசினித் தரையில் அவள் கால் வந்து விழும் இடம் தேய்ந்து பளபளத்தது. மற்ற நேரமெல்லாம் பின்னறையில் இருந்தாள். அட்டைகளைத் தட்டிப் பழையதை மாற்றுவாள், தவிடு போடுவாள், தண்ணீருக்குக் கரட்டை வெட்டி வைப்பாள், செத்ததைப் பொறுக்குவாள். பெட்டிகளுக்குள் எந்நேரமும் காய்ந்த இலைமேல் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம். சில கரப்பான்கள் சுவரில் காலை வைத்து நிமிரும், வழுக்கி விழும், மறுபடி நிமிரும். "நீங்களாச்சும் ஏறிப் பாருங்களேன்" என்று ஒருநாள் சொன்னாள். சொன்ன பிறகு அழுதாள். முத்துலிங்கம் வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பான். "போனைக் கொஞ்சம் கீழ புடி" என்பான். அவள் ஓணானைக் காட்டுவாள். வாசலைப் பற்றிச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, நானும் பயமில்லாம இருக்கலாம்" என்று சிரித்தான்.

2018இல் அவளுடைய அம்மா ராக்கம்மா ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இறந்தாள். குசினி ஜன்னலால் பார்த்தால் நகரத்துக்கு அப்பால் அந்த மலை தெரியும். தம்பி வீரையா யாரையும் கேட்காமல் சவப்பெட்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, முன்வாசலால் உள்ளே தூக்கிவந்து ஹாலில் இறக்கினான். லயத்துச் சனம் சுவரோரமாக நின்றது. தவமலர் அம்மாவின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தாள். பின்வாசலால் பெட்டியைத் தூக்கிப் போனபோது அவளும் கூடவே போனாள். ஹாலுக்குள் வந்து, சனங்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்றாள். திரும்ப ஓடினாள். ஒவ்வொரு முறை குசினிக்கு ஓடியபோதும் பெட்டி இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தது. கடைசியில் பின்ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது.

பிறகு கொரோனா வந்தது. ஊரே வீட்டுக்குள் கிடந்த அந்த மாதங்களில் மட்டும் தவமலர் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததாகச் சொல்வார்கள். நாள்தோறும் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய வருடத்தில் பெட்டிகள் குளிராமல் இருக்க வெந்நீர்ப் போத்தல்களைச் சுற்றி அடுக்கினாள். ஓணான் அவள் மடியிலேயே கிடந்து பிழைத்தது.

2023இல் முத்துலிங்கம் முதல்முறையாகத் திரும்பி வந்தான். ஒழுங்கையே கூடிவிட்டது. தவமலர் கலியாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க வாசலைத் தாண்டினாள். குசினிக்குள் வந்து நின்றாள். நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

"எத்தனை நாள் லீவு?"

"லீவுன்னு யாரு சொன்னா?"

"வாசல் சொல்லுது."

அவன் தன் பயணப் பெட்டியைப் பார்த்தான். "ஒரு மாசம். இன்னும் ரெண்டு வருசம் மட்டும் மலர், அப்புறம் வந்துருவேன். நீ இருக்கேங்கிற தைரியம்தான் எனக்கு."

அவள் சத்தம் போடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அடுத்து வந்த நாட்களில் அவன் மறந்துபோன வேலையெல்லாம் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பெட்டியில் குஞ்சு, எதில் வளர்ந்தது, ஓணானுக்கு இப்போது எவ்வளவு போதும். அவன் சந்தோஷமாகக் கற்றுக்கொண்டான். லீவு முடியும் நேரத்தில் ஒரு காலை அவள் ஓணானைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"அம்மாவைப் பொதைச்ச எடத்தை இன்னும் பாக்கல. நான் போயிட்டு வர்ற வரைக்கும் இதை விட்டுட்டு வாசல் தாண்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"வாசல் ஒன்னையத்தானே விடுறதில்ல?" என்று சிரித்தான். "சரி, தாண்டல. போயிட்டு வா."

அவள் கால் ஒழுங்கைத் தாரில் பட்டது. வெயிலில் தார் சுட்டது. மக்கீன் நானா தராசைக் கீழே வைத்தார். அவள் யாரையும் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் திட்டம் போட்டுப் போகவில்லை என்றுதான் வீரையா சொல்கிறான். அம்மாவின் குழியருகே இருந்துவிட்டுப் பொழுதுசாயும் நேரத்தில் மஹியாவைக்குத் திரும்பியிருக்கிறாள். கேட் கொண்டியில் கைகூட வைத்திருக்கிறாள். அப்போது பின்னறையிலிருந்து அந்தத் தூறல் சத்தம் கேட்டிருக்கிறது. கை கொண்டியைத் தூக்க மறுத்துவிட்டது. கடைசி பஸ்ஸில் தம்பி லயத்துக்கே போய்விட்டாள்.

லீவு முடிந்த நாளில் விமான நிலையத்துக்குப் போக வந்த வான் வெகுநேரம் ஹோர்ன் அடித்தது. முத்துலிங்கம் பெட்டியோடு முன்வாசலால் போனான், பெட்டியோடு குசினிக்குள் வந்தான். பெட்டியை மட்டும் மதிலுக்கு மேலால் எறிந்து பார்த்தான். அது நேராக ஒழுங்கையில் போய் விழுந்தது. டிரைவர் அதைத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

தவமலர் இப்போது பேராதனையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தவிடு வாங்கிக்கொண்டு வருவாள். கேட்டுக்கு வெளியே நின்று பேசுவாள். அவன் வாசற்படிக்கு உள்ளே கதிரையில் ஓணானை வைத்துக்கொண்டு இருப்பான். முன்பு பேசாததெல்லாம் பேசுகிறார்கள்.

"உள்ள வாயேன் மலர். ஒரே ஒரு வாட்டி."

"வர்றேன்" என்பாள். பொய் சொல்கிற முகமாக இருக்காது. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

போன வருடம் பக்கத்து வீட்டுக்கு அக்குறணையிலிருந்து பாரூக் குடும்பம் வாடகைக்கு வந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, பக்கத்து வீட்டு மனிதர் முன்வாசலால் போனால் குசினியால் வருவார், பயப்பட வேண்டாம் என்றும், செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணி வராது என்றும் சொன்னார். பாரூக் கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணி எத்தனை மணிக்குத் திரும்ப வரும் என்று கேட்டார்.