சுவரில் தலைகீழாக நடந்தவர்

கொல்லங்கோட்டுக் கடைவீதியில் சௌதா நடத்திவந்த ஸ்டுடியோவின் பலகையில் அவள் கணவன் சைனுதீனின் பெயர்தான் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அவன் துபாய்க்குக் கிளம்பும்போது கடையைப் பூட்டிவிடலாம் என்றான். சௌதா சம்மதிக்கவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே பிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவள் வேலையாகத்தான் இருந்தது. இருட்டறையில் இருப்பவள் முன்னறைக்கு வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். சைனுதீன் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான். கடை தொடர்ந்து நடந்தது.

அந்த வருஷங்களில்தான் சுற்று ஊர்களில் சின்னக் கேமராக்கள் நடமாடத் தொடங்கின. பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் வாங்கிவந்து உறவுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் வீட்டில் உள்ளவர்களையெல்லாம் சுவரோரம் நிறுத்தி எடுத்துத் தள்ளினார்கள். படத்தைக் கழுவிக் கையில் கொடுத்தால் முகம் தொங்கிப்போகும். "இவ்வளவுதானா?" என்பார்கள். சௌதா அவர்களை அப்படியே அனுப்புவதில்லை. உட்காரச் சொல்லி, படம் படமாக எடுத்துக்காட்டி, இங்கே என்ன செய்திருக்கலாம் என்று பேசுவாள். அது கடைக்கு வருமானம் தருகிற வேலையில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது.

எருத்தேன்பதியிலிருந்து நாச்சம்மாள் வந்தது ஒரு தை மாதத்தில். முப்பது வயதைத் தாண்டியவள். கணவன் அர்த்தநாரிக்குக் கடலைக்காடும் தென்னையும் இருந்தன. பம்பாயில் வேலைபார்த்த அவள் தம்பி பெரியமுத்து ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கழுவிய படங்களை மேசையில் பரப்பியதும் நாச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கிணறு, பனைமரம், பசு, களத்தில் நிற்கும் அர்த்தநாரி. எல்லாம் தூரத்தில், உச்சிவெயிலில், தட்டையாக.

"எங்கூர்ல படம் எடுக்க என்னங்க இருக்குது?" என்றாள். "நெதமும் பாக்குற கெணறு, நெதமும் பாக்குற மாடு. உங்கூர்லயாச்சும் மலையும் அருவியும் இருக்குது."

"மலைய எடுத்துட்டு வர்றவங்க படமும் இப்படித்தான் இருக்கு, நாச்சம்மா" என்றாள் சௌதா. "எல்லாத்தயும் நீங்க நின்ன எடத்துலேருந்தே எடுத்திருக்கீங்க. கெணத்துக்கிட்ட நீங்க போகல. கெணறு உங்களத் தேடி வரட்டும்னு நின்னிருக்கீங்க."

நாச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. சௌதா ஒரு கிளாஸை மேசை நடுவில் வைத்தாள். அட்டையில் சதுரமாக வெட்டிய ஓட்டை ஒன்றை நாச்சம்மாள் கையில் கொடுத்து, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். டீ டீயாகத்தான் இருந்தது. பிறகு கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஒரு கதவை மட்டும் சாத்தினாள்.

"இப்ப முட்டி போட்டு, டீக்குச் சமமாப் பாருங்க."

நாச்சம்மாள் குனிந்தாள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த வெளிச்சம் கிளாஸுக்குள் புகுந்து டீயை நெருப்புத் துண்டு மாதிரி ஆக்கியிருந்தது. சாத்திய கதவின் கறுப்புக்கு முன்னால் ஆவி நூல் நூலாக எழுந்தது. அவள் அட்டையைக் கீழே வைக்கவேயில்லை. டீ ஆறிப்போனது.

"டீயே வேற ஆயிருச்சுங்களே அக்கா."

"டீ அதேதான். நாமதான் நவுந்தோம்" என்றாள் சௌதா. "அடுத்த ரோல்ல ஒரே ஒரு சாமான எடுங்க. உங்க ஊட்ல எது வேணா. முழு ரோலும் அதையே. கிட்டப் போங்க, குனிங்க, காலம்பற எடுங்க, பொழுது சாயறப்ப எடுங்க. தேவையில்லாதது படத்துக்குள்ள வந்தா ஒதுக்கிருங்க."

புது ரோலோடு போன நாச்சம்மாள் மாசி முழுவதும் வரவில்லை. பங்குனி பிறந்த பிறகு வந்தாள். மெலிந்து, முகத்திலும் கையிலும் ஆறிய தழும்புகளோடு. அம்மை போட்டிருந்தது என்றாள். ரோல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"படம் எடுக்கலீங்க அக்கா. ஆனா ஒண்ணு பாத்தேன். ஊட்ல யார்த்துகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் கேக்கோணும்."

சௌதா கடைக் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அம்மை கண்டதும் நாச்சம்மாளை விதைக்கடலை வைக்கிற அறையில் படுக்கவைத்திருந்தார்கள். அர்த்தநாரியின் அக்கா மருதாத்தாள்தான் கூடவிருந்து பார்த்துக்கொண்டாள். கண் கூசக்கூடாது என்று மேற்கு ஜன்னலின் மரக்கதவையும் சாத்தி, வாசல் கதவையும் சாத்திவிடுவாள். காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில் நாச்சம்மாள் கண்விழித்தபோது எதிர்ச்சுவரில் ஏதோ அசைந்தது. வெள்ளையடித்த சுவர். முதலில் கறைபோல இருந்தது. கண் பழகப் பழகத் தெளிந்தது. சுவரின் அடிப்பக்கம் முழுக்க நீலம். மேலே மண் நிறம். நடுவில் பனைமரங்கள் தலைகீழாகத் தொங்கின. அவற்றின் ஓலைகள் ஆடின. கூரையோரமாகப் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பசு ஒன்று நடந்தது. அவர்கள் வீட்டுப் பசுதான்.

"கனவுன்னு நெனச்சுக் கையக் கிள்ளிப் பாத்தனுங்க. அப்புறம் அவரு வந்தாரு."

"யாரு?"

"என்ற ஊட்டுக்காரரு. தல கீழ, கால் மேல. களத்துல நடந்து ஜன்னலுக்கு நேரா வந்து நின்னாரு."

அறைக்குள் அவனை விடுவதில்லை. வெளியிலிருந்து அக்காவிடம் அதட்டலாக, "கஞ்சி குடிச்சாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். அந்தக் குரல் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சுவரில் வந்த அர்த்தநாரி வேறாக இருந்தான். சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும். தான் படுத்திருக்கும் இடத்துக்கு எதிரே அவன் நின்று அழுவதை அவள் சத்தம் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரியம்மா காட்டுனாளா, எனக்குக் கிறுக்குப் புடிச்சுதான்னு தெரியலீங்க அக்கா. கண்ணாலம் ஆகி இத்தன வருசத்துல அவரு அழுது நான் பாத்ததே இல்ல."

சௌதா எழுந்தாள். முன்னறையில் மூன்று கால்களில் நின்ற பெரிய கேமராவைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, கதவைத் திறந்தாள். நாச்சம்மாளைக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கச் சொன்னாள். பின்பக்கக் கண்ணாடியில் கொல்லங்கோட்டுக் கடைவீதி தலைகீழாகத் தொங்கியது. சைக்கிள்கள் சக்கரம் மேலே இருக்க ஓடின.

"இதேதான்! இதேதானுங்க!"

"உங்களுக்குக் கிறுக்குமில்ல, ஒண்ணுமில்ல. இருட்டான பொட்டி, ஒரு சின்னத் தொளை, அவ்வளவுதான் கேமரா. உங்க ஜன்னல் கதவுல எங்கயோ ஒரு தொளை இருக்கு." என்றாள் சௌதா. "நாச்சம்மா, நீங்க கேமராவுக்கு உள்ளயே படுத்திருந்திருக்கீங்க."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படியொன்றைச் சௌதா கண்டதில்லை. துணிக்குள் தலையை மட்டும்தான் விட்டிருக்கிறாள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பெரிய கேமராவை மடித்துப் பெட்டியில் வைத்து எருத்தேன்பதிக்கு பஸ் ஏறினாள். பெட்டியை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம் மறுத்து, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் கதவில் மரத்தின் கணு ஒன்று உதிர்ந்து, கட்டைவிரல் நுழையாத ஓட்டை இருந்தது. மற்ற இடுக்குகளைக் கறுப்புக் காகிதத்தால் அடைத்து, வாசலைச் சாத்திவிட்டு இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் இருட்டு மட்டும். பிறகு மெல்ல மெல்ல வானம் அடியில் இறங்கியது. பனைகள் தொங்கின. கிணற்றுமேடு, வைக்கோல்போர், கட்டிய பசு. நிறம் மாறாமல், அசைவு குறையாமல், ஒரு வீட்டின் முற்றம் முழுவதும் சுவரில் நின்றது. காக்கை ஒன்று அடியிலிருந்த அந்த வானத்தில் குறுக்கே பறந்தது.

"அல்லாவே" என்றாள் சௌதா.

அர்த்தநாரி வெளியிலிருந்து கதவைத் தட்டினான். "ரெண்டு பேரும் இருட்டுல என்ன பண்றீங்க? சோறாக்குற நேரமாச்சு."

நாச்சம்மாள் அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டு, தான் வெளியே போனாள். போகிற வழியில் கிணற்றடியில் நின்று குடத்தை எடுத்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே அர்த்தநாரி முதலில் சிரித்தான். "இது என்னங்க சினிமாவாட்ட" என்றான். பிறகு சுவரில் தன் மனைவி வந்தாள். அவள் கையிலிருந்த குடத்திலிருந்து தண்ணீர் மேல்நோக்கி ஒழுகியது. வெயில் பட்டு அந்த ஒழுக்கு வெள்ளிக்கம்பி போல மின்னியது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஜன்னலுக்கு நேராக வந்து, அவன் வழக்கமாக நின்ற அதே இடத்தில் நின்றாள். தழும்பு விழுந்த அவள் முகம் சுவரில் தெரிந்தது.

நாச்சம்மாள் உள்ளே வந்ததும் அர்த்தநாரி சொன்னான். "நீ இங்கதான் படுத்திருந்த."

"ஆமாங்க."

"அப்ப... நான் வந்து நின்னதெல்லாம்?"

"பாத்தனுங்க. தெனமும் பாத்தேன்."

சௌதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அர்த்தநாரி துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "இதப் படம் எடுக்கோணும்னுதான வந்தீங்க? நான் போயி நிக்கட்டுமா?"

"இந்த வெளிச்சத்துக்கு ரொம்ப நேரம் ஆவுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேலகூட. அசைஞ்சா படத்துல விழ மாட்டீங்க" என்றாள் சௌதா.

"உக்காந்துக்கறேன்."

அவன் ஒரு இடத்தில் உட்காருகிறவன் இல்லை. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறவன். அன்றைக்குக் கிணற்றுமேட்டில், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருக்க, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். சௌதா கேமராவைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, மூடியைக் கழற்றினாள். இருட்டில் இரண்டு பெண்களும் மூச்சுவிடவும் பயந்து காத்திருந்தார்கள். மருதாத்தாள் வெளியே வந்து, "ஏன்டா அர்த்தநாரி, வெயில்ல எதுக்குடா குந்தியிருக்கற?" என்று கேட்பது கேட்டது. அவன் வாய் திறக்கவில்லை. அவள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஈ மொய்த்தது. சுவரில் அவன் தலைகீழாக, சிலைபோல இருந்தான்.

மறுநாள் பிரிண்ட் போடும்போது நாச்சம்மாளும் கொல்லங்கோட்டுக்கு வந்துவிட்டாள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் மிதந்த வெள்ளைத்தாளில் முதலில் பனைகளின் அடிமரங்கள் எழுந்தன. ஓலைகள் காற்றில் ஆடியதால் புகைபோலக் கரைந்திருந்தன. பசு நின்ற இடத்தில் பசு இல்லை, வெளிறிய மூட்டம் மட்டும். சுற்றிச் சுற்றி வந்த மருதாத்தாள் அடியோடு மறைந்துபோயிருந்தாள். அசைந்ததெல்லாம் போய்விட்டிருந்தது. கிணற்றுமேட்டில் மட்டும், தலைகீழாக, விளிம்பு பிசகாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

எத்தனையோ முகங்கள் அந்தத் தட்டில் எழுவதைச் சௌதா பார்த்திருக்கிறாள். அன்று அவள் கை ஈரத்தோடு வாயைப் பொத்திக்கொண்டது.

"அசையவே இல்லீங்களே அக்கா, அவரு" என்றாள் நாச்சம்மாள், தாளைத் தொடாமல், அதன்மேல் குனிந்து.

அந்தப் படத்தை எந்தப் பக்கம் மேலாக வைத்துச் சட்டம் போடுவது என்று எருத்தேன்பதியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. மருதாத்தாள் தம்பியைத் தலைகீழாகத் தொங்கவிடக்கூடாது என்றாள். அர்த்தநாரியே, "அவ பாத்த மாதிரியே மாட்டுங்க" என்று முடித்துவைத்தான். நாச்சம்மாள் பிறகு எடுத்துவந்த ரோல்களில் கிணற்றுக் கயிறு இருந்தது, முறத்தில் காயும் கடலை இருந்தது, கல்லில் அடித்துத் துவைக்கும்போது தெறிக்கும் தண்ணீர் இருந்தது. சில நன்றாக வந்தன, சில ஆடிப்போயின. படம் எடுக்க ஊரில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவள் மறுபடி கேட்கவில்லை.

சௌதாவும் தன் முறையை மாற்றிக்கொண்டாள். புதுக் கேமராவோடு யார் வந்தாலும் இப்போது முதலில் பாடம் சொல்வதில்லை. முன்னறை ஜன்னல்களைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, ஒன்றில் மட்டும் ஓட்டை போட்டிருந்தாள். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை பார்த்த, அதே கடைவீதியில் குடியிருந்த குப்பண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கலான படங்களோடு வந்தார்.

"இந்தத் தெருவுல என்னங்க இருக்கு எடுக்கறதுக்கு? பஸ்ஸும் பழக்கடையும்தான்."

சௌதா அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். "கொஞ்சம் பொறுங்கண்ணா. கண்ணு பழகட்டும்."

பிறகு வெளியே பாலக்காட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. உள்ளே சுவரின் மேல்விளிம்பில், சக்கரம் கூரையைப் பார்க்க, சிவப்பும் மஞ்சளுமாக அது ஊர்ந்து வந்து நின்றது. அதிலிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராகத் தலைகீழாக இறங்கி நடந்தார்கள். கையில் பழக்கூடையோடு ஒரு பெண் போனாள். குப்பண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைத் தொடப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, "இது... இது நம்ம தெருவுங்களா?" என்றார்.