கொடிமரத்தில் பத்தொன்பது சேலைகள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நான் விடப்போகும் புளுகுகளை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வீர்கள் என்று ஒரு நப்பாசை.

1968-ல் நான் கல்லூரி மாணவன். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் இண்டூர் தாண்டியதும் கதையை ஆரம்பித்தார். மற்றவர் ‘உம்’ கொட்டினார். கதை சொன்னவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்து ஒட்டுக்கேட்கிறவனுக்குக் காது மட்டும்தான் தெரியும். அவருடைய இடது காது மடலில் ஓரமாக ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதனால் தோட்டைச் சற்றுத் தள்ளிக் குத்தியிருந்தார்.

பஸ்ஸின் இரைச்சலில் கதையில் பாதி காற்றோடு போயிற்று. அந்தப் பாதி என்னுடையது.

2

தொடக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

“வத்தல்மலைக்குப் பின்னே சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில்…”

[அடித்துவிட்டேன். வத்தல்மலை அந்த ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே போய் மறைய வேண்டுமானால் என் ஒருவனுக்காகத்தான் மறைய வேண்டும்.]

“1941. உலகமே யுத்தத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்த…”

[உலகம் எரியட்டும். இந்த ஊருக்கு அதனால் வந்தது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு மட்டும்தான்.]

“கருப்பிக்கு அன்று காலை உவர்மண் போதவில்லை.”

இது இருக்கட்டும். துணி வெளுக்கும் மண் போதாமல் ஒருத்தி முழித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அவள் பின்னாலேயே போகலாம்.

3

கருப்பிக்கு அன்று காலை உவர்மண் போதவில்லை. பத்தொன்பது சேலை வெளுக்க வேண்டும். அத்தனையும் பழசு, அத்தனையும் தூளி.

ஊருக்கு மேலே கரட்டில் ஒரு சின்ன மாதா கோயில். அதை ஒட்டி ஓலை வேய்ந்த நீளக் கொட்டகை. ஊரார் அதைப் புள்ளக்கொட்டாய் என்றார்கள். களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போகிற பெண்கள் விடிந்ததும் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சிஸ்டர் பிலோமின் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுவார். கருப்பி தூளியாட்டுவாள். கருப்பி வேதக்காரி இல்லை; முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறவள். ஆட்டுகிற கைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று சிஸ்டரும் விட்டுவிட்டார்.

கொட்டாய் வருவதற்கு முன்னால் காட்டு வரப்பில் வேப்பமரத்தில் தூளி கட்டி, கீழே தவழ்கிற பிள்ளையின் இடுப்பில் கயிறு போட்டு மரத்தோடு கட்டிவிட்டு வேலை பார்ப்பார்கள். அப்படிக் கட்டிப்போட்டிருந்தபோதுதான் கருப்பியின் ஒரே மகள் மாதுவைக் கட்டெறும்பு மொய்த்தது. கருப்பி நாலு உழவுசால் தள்ளிக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தாள். அழுகையைக் கேட்டாள். ‘இந்தச் சாலை முடித்துவிட்டுப் போவோம்’ என்று நினைத்தாள். மாதுவின் இடது காது மடல் ஓரம் போனது அந்த ஒரு சாலில்தான். அதைக் கருப்பி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கொட்டாய் திறந்த அன்று, கூலி என்னவென்று கேட்காமல் முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்.

(வாசகரே, முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் எதையோ சரிபார்க்கிறீர்கள். பாருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

4

பிள்ளை பாலுக்கு அழுதால் தாயை எப்படிக் கூப்பிடுவது? முதலில் கோயில் மணியை அடித்தார்கள். மணிக்கு எந்தப் பிள்ளை என்று சொல்லத் தெரியாதே. ஒரு பிள்ளை அழ, காட்டிலிருந்த பதினெட்டுத் தாய்மாருக்கும் மார் கனத்தது. அத்தனை பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டுக் கரடேறி ஓடி வந்தார்கள். ஒருத்தி பால் கொடுக்க, பதினேழு பேர் வந்ததற்கு வெற்றிலை போட்டுவிட்டு இறங்கினார்கள்.*

பெரிய காட்டுக்காரர் மாதப்பக் கவுண்டர் ஒரு நாள் மேலே வந்தார். “சிஸ்டரு, ஒரு நாளைக்கு எட்டுவாட்டி மணி அடிக்கிறீங்க. எங்காட்டுல களை எடுக்கறது ஆரு, உங்க மாதாவா?” என்றார். மறுநாள் சேலத்தில் இருக்கும் மடத்துப் பெரிய மதருக்குக் கடுதாசியும் போட்டார்: கொட்டாயை மூடுங்கள், இல்லாவிட்டால் கைப்பிள்ளைக்காரி எவளுக்கும் எங்கள் காட்டில் வேலை இல்லை.

[மாதப்பக் கவுண்டரை வில்லனாக்க மூன்று தடவை முயன்றேன். மீசை வைத்தேன், சாட்டை கொடுத்தேன். ஆனால் பஸ்ஸில் அந்தப் பெண், “அந்தக் கவுண்டருதான் கவுறு குடுத்தாரு” என்று தெளிவாகச் சொன்னார். கயிறு கொடுத்தவரை வில்லனாக்க மனசு வரவில்லை.]

கயிறு எதற்கென்றால், வழி கண்டுபிடித்தது கருப்பி. கோயில் முன்னால் கொடிமரம் இருந்தது. திருவிழாவுக்கு மாதா கொடி ஏறும் பத்து நாள் போக, வருஷம் முழுக்க அது சும்மா நின்றது. பிள்ளை அழுது எழுந்தால் தூளி காலி. அந்தத் தூளி அதன் தாயுடைய பழைய சேலைதான். வேறு துணியில் அந்தப் பக்கத்துப் பிள்ளை எதுவும் தூங்காது. அதை அவிழ்த்துக் கொடிமரத்தில் ஏற்றினால் என்ன? எவளுக்குத்தான் தன் சேலையை அடையாளம் தெரியாது?

“மாதா கொடி ஏர்ற எடத்துல பழம்புடவையா?” என்று பதறினார் சிஸ்டர்.

“மாதாவும் புள்ள பெத்தவங்கதானேங்க” என்றாள் கருப்பி.

அன்றிலிருந்து சேலை ஏறினால் ஒருத்தி மட்டும் வந்தாள். மாதப்பக் கவுண்டருக்கே ஆச்சரியம். பழைய கொடிக்கயிறு இற்றுப்போனபோது கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடத்தில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். போட்ட கடுதாசியை மறந்தும் போனார். கடுதாசி அவரை மறக்கவில்லை. அது எங்கெங்கோ சுற்றி, ஒரு வருஷம் கழித்துப் பெரிய மதரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. கொட்டாயை மூடத்தான் வருகிறார் என்று முந்தின நாளே சேதி வந்துவிட்டது.

* வெற்றிலை விஷயம் பஸ்காரப் பெண் சொன்னதில்லை. நான் சேர்த்தது. கரடேறி வந்தவர்கள் சும்மா திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

5

மதர் கண்ணில் அழுக்குப் படக் கூடாது என்றார் சிஸ்டர். அதனால்தான் பத்தொன்பது சேலையும் ஒரே நாளில் தண்ணீரில் விழுந்தன.

துவைத்ததைக் கோயிலுக்குப் பின்பக்கம் மட்டும்தான் உலர்த்த வேண்டும். காட்டுப் பக்கம் ஒரு முந்தானைகூடத் தெரியக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே கருப்பிதான். ஆனால் அன்று பின்பக்கப் புளியமரத்தடியில் மதருக்கு நாற்காலி போட்டாயிற்று. “தலைக்கு மேல ஈரத்துணி சொட்டுமே, எடு எடு” என்று சிஸ்டர் விரட்டினார். வாசலில் மாட்டுவண்டிச் சத்தம். கருப்பி கைக்கு அகப்பட்ட கயிற்றைக் கோயில் முகப்பிலிருந்து கொடிமரத்துக்கு இழுத்துக் கட்டினாள். பத்தொன்பதையும் வரிசையாகப் போட்டாள். அப்பாடா என்று கையை உதறினாள்.

நல்ல மேல்காற்று. பத்தொன்பது சேலையும் படபடவென்று பறந்தன.

கீழே காட்டில் முதலில் நிமிர்ந்தவள் சின்னக்கண்ணு. தன் அரக்குச் சேலையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் நீலத்தைப் பார்த்தாள். அப்புறம் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் என்ன வந்துவிட்டது? கொட்டாயில் தீயா?

பெரிய மதர் வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கியபோது, களைக்கொத்தும் கையுமாகப் பதினெட்டுப் பெண்கள் கரடேறி அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மதர் அந்தக் காலை மறுபடியும் வண்டிக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே தாய்வாசனை இல்லாத புதுப் பாய்களில் கிடந்த பிள்ளைகள் வேறு கூரை பிய்ந்துபோக அலறின. தாய்மார் பாய்ந்து வாரி எடுத்தார்கள். அடுத்த நொடி கொட்டாயில் பால் குடிக்கிற சத்தம் மட்டும்தான்.

கருப்பி கயிற்றைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள். ‘அடிப் பாவி, நீயே கெடுத்தியே’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

6

மதருக்குத் தமிழ் தெரியும். ஜெபப் புத்தகத்தில் படித்த தமிழ்.

“இந்த ஸ்திரீகள் யாவரும் எதன் நிமித்தம் ஓடி வந்தார்கள்?”

“சேல பறந்துச்சுங்க” என்றாள் சின்னக்கண்ணு, பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டே.

மதர் மாதப்பக் கவுண்டரின் கடுதாசியை எடுத்து விரித்தார். காட்டில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்த மாதப்பக் கவுண்டர், “அது போன வருசத்துக் கடுதாசிங்க!” என்றார். அவருக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த காடு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சிஸ்டர் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் விளக்கினார். மதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “யாவரும் வேலைக்குத் திரும்பட்டும். நான் ஒரு சேலையை ஏற்றுவிப்பேன். அதற்குரியவள் மாத்திரம் வந்தால் இந்த வீடு நிலைக்கும். ஒருவரும் வராவிட்டாலும், பலர் வந்தாலும், இன்றே மூடப்படும். அதுவரை இங்கே ஒருவரும் பேசலாகாது.”

பெண்கள் இறங்கிப் போனார்கள். சேலைகள் குவியலாயின. மதர் கையை விட்டு, பார்க்காமலே ஒன்றை உருவினார்.

பச்சையில் மஞ்சள் கட்டம். கருப்பியின் சேலை. மூன்று வயசு மாது இன்னும் மத்தியானத்தில் தூங்குகிற தூளி.

[மற்றப் பதினெட்டில் எதை எடுத்திருந்தாலும் கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். நான் வேண்டுமென்றே செய்ததாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் கேட்டது இது.]

சேலை ஏறியது. மதர் இடுப்புக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். சிஸ்டர் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டினார். கீழே யாரும் அசையவில்லை. ஏன் அசைவார்கள்? சேலைக்காரி மேலேதானே நிற்கிறாள்!

இரண்டு நிமிஷம். காட்டிலிருந்து சின்னக்கண்ணுவின் குரல் தெளிவாக வந்தது. “அடியே கருப்பி! உஞ்சேலதான்டி பறக்குது! கண்ணு அவிஞ்சா போச்சு?”

காட்டில் ஒரே சிரிப்பு. மதர் சிரிக்கவில்லை. யார் அந்தக் கருப்பி என்று அவருக்குத் தெரியாது.

கருப்பிக்கு வரப்பு ஞாபகம் வந்தது. மரம், கயிறு, அந்த ஒரு சால். இந்தக் கொட்டாய் போனால் நாளைக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் மரத்தடியில்.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) கருப்பி பேசலாகாது என்ற உத்தரவை மீறி, “வந்துட்டனுங்க, நாந்தான்” என்று இரண்டு எட்டு வைத்து முன்னால் வருகிறாள். உண்மைதான். ஆனால் மதர் நம்ப வேண்டுமே.

ஆ) பின்பக்கமாக நழுவிக் கரடிறங்கி, சின்னக்கண்ணுவின் களைக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, காட்டிலிருந்து வருகிறவளைப் போல மறுபடியும் மேலே ஓடி வருகிறாள். இதை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மதர் ஏற்கெனவே அவளைப் பார்த்துவிட்டாரே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

இ) கொட்டாய்க்குள் மாது எழுந்து, ‘அம்மா’ என்று அழுகிறாள். கருப்பி மதரை மறக்கிறாள், கடிகாரத்தை மறக்கிறாள், ஓடி அவளைத் தூக்குகிறாள். மதர் சேலையையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு கடிகாரத்தை மூடி

[வாக்கியத்தை இங்கே விட்டுவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிடித்திருப்பதாலேயே சந்தேகம்.]

8

பஸ்ஸில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

சின்னக்கண்ணு கத்திய இடத்தைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் தானே சிரித்தார். உம் கொட்டியவரும் சிரித்தார். பின்னால் நானும் சிரித்து, இருமி மறைத்தேன்.

“அப்புறம்?” என்றார் உம் கொட்டியவர்.

“அப்புறம் எங்கம்மா என்னா பண்ணுச்சு தெரியுமா…” என்றார் ஜன்னலோரத்துப் பெண். அப்போதுதான் முதல் முறையாக அவர் ‘எங்கம்மா’ என்றார். சொல்லிக்கொண்டே வெளியே பார்த்தவர் சட்டென்று எழுந்தார். “ஐயோ, நிறுத்துங்க! கண்டக்டரு, நிறுத்துங்க!”

“இங்க ஸ்டாப்பு இல்லீங்க” என்றார் கண்டக்டர்.

“எறங்கணுங்க, நிறுத்துங்க!”

பஸ் நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் குதித்து இறங்கினார். இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போன காய்கறிப் பையை உம் கொட்டியவர் ஜன்னல் வழியாக நீட்ட, அதை வாங்கக்கூட நிற்கவில்லை. ஒற்றையடிப் பாதையில் ஓடினார். பாதை ஒரு கரட்டுக்குப் போயிற்று. கரட்டின் மேல் வெள்ளையடித்த சுவரும் ஒரு கம்பமும் இருந்தன. கம்பத்தின் உச்சியில் ஏதோ ஒரு துணி பறந்தது.

காயப் போட்டதாகவும் இருக்கலாம்.

ஆகவே, மதர் கடிகாரத்தை மூடிவிட்டு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே ஆளும் என் கண்ணெதிரே ஓடிவிட்டார். அ-வோ, ஆ-வோ, இ-யோ, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது ஒன்று தோன்றினால் இன்னும் நல்லது. அந்தத் துணி என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.