கூரைத் தண்ணீர்

மண்வெட்டி கல்லில் பட்டுச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஹல்வார்டு கையாலேயே தோண்டிக்கொண்டிருந்தான். கோயிலின் வடக்குச் சுவரோரம், கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து மண்ணில் கோடு போட்டிருந்த இடம் அது. பக்கத்தில் கம்பளியில் சுற்றிக் கிடந்த பிள்ளை ஒரு ரொட்டி அளவுதான் இருந்தது. எர்லிங் பாதிரியார் எதையும் பார்க்காதவர்போலக் கடலைப் பார்த்து நின்றார்.

கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று காலையில் சொன்னவரும் அவர்தான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. நானே கொடுத்தேன் என்றான் ஹல்வார்டு. எதில் கொடுத்தாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

முந்தின நாள் பேய்மழை. மேகத்தை ஓட்டி வரும் சாத்தான்கள் கோயில் மணிச்சத்தத்தில் சிதறி ஓடும் என்பது ஊரறிந்த விஷயம். மணியடிப்பவன் ஹல்வார்டு; அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனைவி குன்வோருக்கு வலி கண்டதும் கயிற்றைத் தங்கை புருஷன் ஐவாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குடத்துத் தண்ணீர் பிரசவத்திலேயே தீர்ந்திருந்தது. வாசலில் வாளி மழையில் நிரம்பி வழிந்தது. குன்வோர் அதைத்தான் கைகாட்டினாள். சாத்தான் கொண்டுவந்த தண்ணீரையா பிள்ளை தலையில் ஊற்றுவது? அவன் பார்லிக் கள்ளை ஊற்றி, தோரா என்று பெயரிட்டான். கள்ளில் கொடுத்தால் செல்லாதென்று ரோமாபுரியிலிருந்து நிதாரோஸ் நகரப் பேராயருக்குக் கட்டளையே வந்திருந்தது அவனுக்கு எங்கே தெரியும்?

"சாத்தானால மேகத்தைத் தள்ளத்தான் முடியும், ஹல்வார்டு. ஒரு சொட்டுத் தண்ணி உண்டாக்க முடியாது. மழை ஆண்டவரோடது."

"வாளி வாசல்லயே இருந்துச்சு சாமி."

பாதிரியார், கோயில் கூரையில் விழுந்து இறங்கும் மழை அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கழுவிவிடும், அதுவே ஞானஸ்நானம் என்று பெண்கள் சொல்வதாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகு வானம் ஒரு சொட்டு விடவில்லை. வாசல் வாளி காய்ந்து கிடந்தது; எடுத்து வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை. என் கைதானே என் பிள்ளையை வெளியே தள்ளியது என்று ஹல்வார்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். குன்வோர் அவனைத் திட்டக்கூட இல்லை. ஒரே ஒரு தரம், கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "நான் காட்டினேன்" என்றாள்.

பார்லி அறுத்துக் கிடந்த நாளில் மேற்கே கடல்மேல் வானம் கறுத்தது. ஊர் கோயிலுக்கு ஓடிவந்தது. ஹல்வார்டு கயிற்றைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"மணியை அடி மச்சான்," என்றான் ஐவார். "எல்லார் சோறும் வெளியில கிடக்கு. உன்னோடதும்தான்."

ஐவார் கயிற்றைப் பிடுங்கப் பார்த்தான். ஹல்வார்டு அதைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். வெளியே யாரோ அவனைச் சபித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. திறந்த கதவு வழியே குன்வோர் முக்காடில்லாமல் வடக்குப் பக்கம் போவது தெரிந்தது.

கூரைப் பலகையில் முதல் துளிகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில், சுவருக்கு அப்பால், தண்ணீர் மண்ணில் கோடாக இறங்கும் சத்தம் கேட்டது. அவன் கயிற்றை விட்டான்.