மூன்றாவது திருகாணி

முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டு போனபோதுதான் சசிகரனுக்கு அந்தத் திருகாணி ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றது. காலையில் கல்முனையில், கச்சிமுகம்மது ஹாஜியாரின் நான்கு மாடிக் குடியிருப்பில், அவருடைய புதிய மின்சாரக் காருக்குச் சார்ஜர் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கீழ்த்தளத்துச் சுவர்ப்பெட்டிக்குள் மூன்று வயர்கள். இரண்டை இறுக்கியது விரல்களுக்கே தெரியும். மூன்றாவதைப் பிடித்திருந்த நேரம் போன் அடித்தது. மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றி உடைந்துவிட்டாள் என்று மனைவி சுலக்சனா அழுதாள். பிறகு பெட்டியை மூடிக்கொண்டு ஓடியது நினைவிருந்தது. இடையில் செய்தது மட்டும் நினைவில் இல்லை.

"ரெண்டு தையல்தானே போட்ட. பிள்ளை நித்திரை கொள்றா. நீங்க சாப்பிடுங்க," என்றாள் சுலக்சனா. அவன் அதற்குள் கையைக் கழுவிவிட்டான்.

ஹாஜியார் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை. காரைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் ஜும்ஆத் தொழுகைக்குப் போவேன் என்று அவரே சொல்லியிருந்தார். இறுகாத வயர் ஒரு விளக்கைத் தாங்கும். கார் மணிக்கணக்காக இழுக்கிற கரண்டுக்கு அது அடுப்பாகிவிடும்.

வீடு இருந்த பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிட ஓட்டம். தென்னைகளுக்கு மேலே புகை எதையும் காணாதபோதும் நெஞ்சு ஆறவில்லை. புகை வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும் என்பது அவன் தொழிலில் பார்த்தது.

கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்ட சத்தத்துக்கு முதலாம் மாடியிலிருந்து ஸகியா முக்காட்டை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அங்கே வாடகைக்கு இருப்பவள்.

"அக்கா, காலையில வந்த வயரிங்காரன் நான். மெயினை நிப்பாட்டோணும். கேட் துறப்பு இரிக்கா?"

"ஆம்புளயள் ஒருத்தரும் இல்ல தம்பி. ஹாஜியார் வந்த பொறகு வாங்களன்."

"அதுவரைக்கும் ஏலா அக்கா. ஒரு வயரை இறுக்கினனா எண்டு எனக்கே தெரியா. நெருப்புப் பிடிச்சாலும் பிடிக்கும்."

அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றினாள். "உம்மா ஒக்சிசன் மெஷின்லதான் இரிக்கா. கரண்ட் போனா சிலிண்டருக்கு மாத்தோணும். என்ட புருசன்தான் மாத்துற. நான் ஒருநாளும் மாத்தினதில்ல."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. திருகாணி இறுகியே இருந்து, வீண் பயத்தில் மெயினை நிறுத்தி, மேலே அந்த மனுசிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹாஜியார் வரும்வரை பொறுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தான். அப்போதுதான் மீன் வாடை அடித்தது.

"மேல யாரும் மீன் பொரிக்கிறயளா?"

"இல்லயே தம்பி. இண்டைக்கு எல்லா ஊட்டயும் இறைச்சி."

பிளாஸ்டிக் வேகும்போதும் அந்த வாடைதான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் வந்து கேட் சாவியைக் கீழே போட்டாள்.

"நான் சொன்ன பொறகு நிப்பாட்டுங்க," என்றுவிட்டு ஓடினாள்.

கேட்டைத் திறந்து உள்ளே போய் மெயின் சுவிச்சில் கை வைத்தபடி நின்றான். கார் பூட்டியிருந்ததால் அதன் பிளக்கைக் கழற்ற முடியாது; சார்ஜரின் தனிச் சுவிச்சோ அந்த வேகிற பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியின் மூடி ஓரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மேலே இரும்பு தரையில் உரசும் சத்தம். ஏதோ விழுந்தது. ஒரு பிள்ளை அழுதது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"நிப்பாட்டுங்க தம்பி."

நிறுத்தினான். மூடியைக் கழற்றினான். மூன்றாவது வயரின் தோல் இரண்டு விரல் நீளத்துக்குக் கருகிக் கொப்பளித்திருந்தது. திருகாணி நகம் பட்டதுமே சுழன்றது. காரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சற்று நேரத்தில் ஸகியா படியிறங்கி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"உம்மா எப்பிடி?"

"மூச்சு விடுறா." பெட்டியைப் பார்த்தாள். "சாமான் பழுதா?"

"இல்லக்கா. பிழை என்னில. நான் இறுக்கல்ல."

அவள் மேலே போகாமல் அங்கேயே நின்றாள்.

கருகிய பகுதியைக் குறட்டால் வெட்டியெடுத்தான். வெளியே தொழுகை முடிந்து வருபவர்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. வெள்ளைத் தொப்பியோடு ஹாஜியார் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, திறந்து கிடந்த பெட்டியையும் தரையில் இருந்தவனையும் மாறிமாறிப் பார்த்தார். சசிகரன் எழுந்து நின்றான். கறுத்துச் சுருண்ட வயர்த் துண்டு உள்ளங்கையைச் சுட்டது. கையை மூடாமல் அவருக்கு நேரே நீட்டினான்.