பெகோனியாவுக்கு ஊற்றிய தேநீர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில், பாக்கியலெட்சுமிக்கு இருந்த மரியாதை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி போய்விட்டது. மூன்றாவது ஞாயிறும் அப்படிக் கழிந்தால் மிச்சமும் போகும்.

எல்லாம் அந்தத் தவமலரால் வந்தது. மலேசியாவில் ஈப்போவாம். பஹாய் சமயப் பணிக்கென்று ஊரை விட்டு வந்து, பதுளை டவுனில் துணி வியாபாரி பலீல் வீட்டு மாடியில் அறையெடுத்திருந்தாள். பிள்ளைகளுக்கு அன்பு, பொறுமை என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்க இடம் கேட்டபோது லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எங்க வாசல்ல நடத்துங்க டீச்சர்" என்றவள் பாக்கியலெட்சுமிதான். "வித்தியாசம் பாக்காத பொண்ணு" என்று லயம் முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் தவமலர் கொப்பியை விரித்துப் படம் வரைவாள். போன இடத்துத் தோட்டங்களை வரைந்து வைப்பது அவள் வழக்கமாம். தோட்டத்துரை பங்களா ரோஜாவை வரைந்தாலும் ஒரு நியாயம். இவள் வரைந்தது, பாக்கியலெட்சுமி வீட்டு வாசலில் பெயின்ட் வாளியில் நின்ற பெகோனியாவை. பங்களாவிலிருந்து ஒரு கிளையை முந்தானையில் ஒளித்துக் கொண்டுவந்து வளர்த்த செடி அது.

முதல் ஞாயிறு ஆவி பறக்கப் பிளேன்டீயை நீட்டினாள் பாக்கியலெட்சுமி.

"வேணாங்கக்கா." கூடவே ஒரு சிரிப்பு.

வீடு தேடி வந்தவர் தேநீரைத் தொடாமல் போனால் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: என்ன சாதியென்று விசாரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கலாராணி விடுவாளா?

"என்னக்கா, ஒங்க டீச்சருக்கு நம்ம வீட்டுத் தண்ணி தொண்டையில எறங்கலையோ?"

கொதிக்கும் தேநீரைத் தவமலரின் கண்ணெதிரிலேயே பெகோனியா வாளியில் கவிழ்த்தாள் பாக்கியலெட்சுமி. இரண்டாம் ஞாயிறும் அதே 'வேணாம்', அதே வாளி.

அன்பாம், பொறுமையாம்! இலையில் ஓடும் நரம்பை எண்ணத் தெரிந்த கண்ணுக்கு, அதை வளர்த்தவளின் முகம் மட்டும் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் கடல் தாண்டி வந்து நமக்குப் புத்தி சொல்கிறாள். இன்னொரு 'வேணாம்' வரட்டும், கொப்பியும் பென்சிலுமாகப் படியிறக்கிவிடுவது என்று மூன்றாம் ஞாயிறு காத்திருந்தாள்.

அன்று பலீல் துணி மூட்டையோடு வந்தார்.

"நோன்பு நேரம், ஒங்களுக்கு டீ கேக்க மாட்டேன் பலீல் நானா. நெழல்ல ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தவமலரிடம் கொண்டுபோனாள். தவமலர் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கோப்பை வாளிப் பக்கம் சாய்ந்தது.

"என்ன பாக்கியம், அவங்களுக்கும் நோன்புதானே?" என்றார் பலீல்.

"யாருக்கு?"

"டீச்சருக்கு. அவங்க மார்க்கத்துல மார்ச் மாசம் பத்தொம்பது நாள். பொழுது உதிச்சா சாயுற வரைக்கும் பச்சத்தண்ணி இல்ல. விடியமுந்தி என் பொஞ்சாதி ஸுபைரா அடுப்பு மூட்டுறப்ப மாடியிலயும் சட்டி சத்தம் கேக்குமே."

பாக்கியலெட்சுமியின் கை நின்றது. முஸ்லிம் மனிதருக்கு நோன்பு என்றால் கேட்காமலே தெரிகிறது. தமிழ்ப் பெண்ணுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் ஒரு பக்கம். கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"வாயத் தொறந்து சொன்னா என்ன டீச்சர்?"

"சொன்னா பெருமையடிச்சிக்கிற மாதிரி இருக்கும்னு..."

"லயமே என்னப் பாத்துச் சிரிச்சிச்சே, அதுக்கு ஒங்க பாட்டுல என்ன பேரு?"

தவமலர் பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் மறைச்சது ஒங்கள இப்படிச் சுடும்னு தெரியலக்கா. தப்புதான்."

பலீல் நோன்பு திறக்க வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஐந்து மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. "பொழுது சாஞ்சிருச்சு, குடிங்க" என்று பாக்கியலெட்சுமி புதுத் தேநீரோடு ஓடிவந்தாள். தவமலர் போனில் நேரத்தைப் பார்த்துத் திணறினாள். மலை மறைத்தால் போதாது. உண்மையான பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

கலாராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தவமலர் எழுந்து நின்று, லயக் கோடிக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்கு நோன்புங்க. ஆறேகாலுக்கு மேலதான் குடிக்கலாம். பாக்கியம் அக்கா போட்ட டீயக் குடிக்காம இன்னைக்கு நான் போறதா இல்ல."

"கடைசி பஸ் ஆறு மணிக்கு, தெரியுமா?" என்றாள் கலாராணி.

"போகட்டும்."

பஸ் போகிற சத்தம் கீழே வளைவில் கேட்டது. கலாராணி சிரிக்கவில்லை. போய் ஒரு பனிஸ் ரொட்டியைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு இருபதுக்கு, விருந்தாளிக்கென்று வைத்திருந்த கோப்பையை விட்டுவிட்டு, தான் குடிக்கும் விளிம்புடைந்த கோப்பையில் தேநீரைக் கொடுத்தாள் பாக்கியலெட்சுமி. தவமலர் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கொப்பி திறந்து கிடந்தது. படத்தில் பெகோனியாவின் ஒரு பக்கம் நிமிர்ந்திருந்தது. மறுபக்கத்து இலைகள் வெந்து தொங்கின.

"இத ஏன் வரைஞ்சீங்க?"

"இருக்கறதத்தானேக்கா வரையணும்."

"நல்லா வரைஞ்சீங்க போங்க" என்று முகத்தைச் சுளித்தாள் பாக்கியலெட்சுமி. பிறகு குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு, மெதுவாக, வாளியின் விளிம்போரமாக ஊற்றினாள்.