சார்ந்து வாழ்பவர்

கொல்லையில் இரண்டாவது வீடு கட்டக் கூடாது என்று நகராட்சி அப்பாவின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறுபது வயது தாண்டிய, சார்ந்து வாழும் உறவினர் ஒருவர் குடியிருப்பதற்காக என்றால் கொல்லையில் சிறிய வீடு கட்டலாம். நகராட்சி மறுக்க முடியாது. வாடகைக்கு மட்டும் விடக் கூடாது.

அதைப் படித்த அன்றுதான் அப்பாவுக்குத் தன் அக்காவின் ஞாபகம் வந்தது.

அத்தை ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். கல்யாணம் ஆகவில்லை. மளிகை மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. சாமான் எடுக்க யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் உள்ளே வருவார்கள். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத அப்பா, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

"உனக்குன்னு ஒரு வீடு கட்டறேன்க்கா. வேலைய விட்டுட்டு வந்துடு."

உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா என்று மட்டும் அத்தை கேட்டாள். இருக்கும் என்றார். விடுதியில் அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டாள்.

கட்டட வேலை நடந்தபோது காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது அத்தைதான். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கொத்தனார் கேட்டபோது, தன்னைத்தான் கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கிழக்கே கை காட்டினாள். அம்மா வடக்கே வைக்கச் சொன்னாள். கிழக்கே வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். அத்தைக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அத்தை குடிவந்த பிறகு நகராட்சி ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வர ஆரம்பித்தார். அதனால் அத்தைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. புதுப் புடவை வந்தது. சட்டத்தில் அந்த விதிக்கு ஏதோ ஒரு பிரிவு எண் உண்டு. நாளடைவில் அத்தைக்கே 'பிரிவு' என்று பெயர் வந்துவிட்டது. "பிரிவு சாப்பிட்டாச்சா பாரு" என்பார் அப்பா. அம்மா சிரிப்பாள். அத்தைக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது அம்மா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். பெத்த தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அத்தை என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஆள் போய்விட்டால் வீட்டை இடிக்கச் சொல்வார்களா என்று அம்மா அப்பாவிடம் கேட்டது அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் காலை ஆய்வாளர் வந்தார். அத்தை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நான் இங்கதான் இருக்கேன் சார்" என்று வழக்கம்போலச் சொன்னாள்.

"நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லேன்னாலும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர். "அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. ஊர்ல வீடு பத்தலையாம். இனிமே யாருக்கு வேணா வாடகைக்கு விடலாம்."

அன்று மத்தியானம் அத்தைக்குச் சாப்பாடு போகவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா கொல்லைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"நான் எங்கடா போவேன்?"

"சட்டம் போட்டதும் நானில்ல, எடுத்ததும் நானில்லக்கா."

பக்கத்து ஊரில் ஒரு இலவச முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லி வைக்கவில்லை. வாசலில் போய் நின்றால் துரத்தியா விடுவார்கள் என்று அதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அத்தை தரையில் உட்கார்ந்து படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இது யார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"முன்னாடி குடியிருந்தவங்க" என்றாள் அம்மா. "இன்னைக்குக் காலி பண்றாங்க."

அப்பா அந்தப் பெண்ணின் கணவனுக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து காட்டப் போனார். அம்மா பின்னாலேயே போனாள். அந்தப் பெண் குனிந்து அத்தையிடம் தணிந்த குரலில், "சொந்தக்காரங்க எப்படிம்மா?" என்றாள்.

"எனக்குச் சொந்தக்காரங்க யாருமில்லம்மா."

"இல்லம்மா, இந்த வீட்டுக்காரங்களைக் கேட்டேன்."

அத்தை கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அவங்களா? சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க."

அந்தப் பெண்ணுக்குத் திருப்தி. குழாயடியில் நின்ற அப்பாவின் காதிலும் அது விழுந்தது. அவருக்கும் அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தம்வரை அத்தையின் படுக்கையை அவரே தூக்கிக்கொண்டு போனார்.